உங்கள் ‘நேட்டிவ்’ எது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு அண்ணாச்சி தம் இரண்டாவது மகனுக்கான கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தாராவியில் எங்கள் சாலில் எந்தப் பாரம் என்றாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். நான் பத்தாம் வகுப்பு தேறியவன். ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, இலாகா தேர்வு எழுதி, மேஜைக்கு வந்த குமாஸ்தா. ஊழியர்களின் சர்வீஸ் ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருப்பதால், பாரங்கள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பழக்கம். அதற்கு மேல் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது.

கம்ப்யூட்டர் கடையில் ஏற்றுவதற்கு முன்னால் காகிதத்தில் நிரப்பிப் பார்ப்பதற்கான பாரம் அது. பிறந்த இடம், நேட்டிவ் பிளேஸ், டொமிசைல், பெர்மனண்ட் அட்ரஸ் என்று நான்கு கட்டங்கள். நான்கிலும் அண்ணாச்சி நீல மையால் ‘திருநெல்வேலி’ என்று எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, நாலும் நாலு கேள்வில்லா?” என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான தம்பி. நம்ம ஊரு நம்ம ஊருதான? அது மாறவா போகுது?” என்றார்.

அந்தப் பையன் பிறந்தது இங்கே மும்பையில், மாநகராட்சி ஆஸ்பத்திரியில். படித்தது முழுவதும் இங்கே. திருநெல்வேலியை அவன் பார்த்ததெல்லாம் கோடை விடுமுறையில்தான். அவனை எந்தக் கணக்கில் திருநெல்வேலியில் பிறந்தவன் என்று எழுதுவது? அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் நிரப்புகிறார்கள். ‘நேட்டிவ்’ என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் எழுத நினைக்கிறேன்.

மும்பையில் இந்தச் சொல் இங்கிலீஷ் தெரியாதவர்கள் வாயிலும் புரளும். “நேட்டிவ் போயிருக்கான்”, “நேட்டிவ்லேர்ந்து கருப்பட்டி வந்திருக்கு” என்கிறோம். மராத்தியர் ‘காவ்’ என்பார். உத்தரப் பிரதேசத்துப் பால்காரர் ‘முலுக்’ என்பார். ஆபீசுக்கு வந்தால் இருவரும் ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பார்கள். லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘கோயிங் டு நேட்டிவ்’ என்று எழுதாத குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. இங்கிலீஷ்காரன் இதைப் படித்தால் விழிப்பான். அவன் பாஷையில் அது ‘ஹோம் டவுன்’. அல்லது வெறும் ‘ஹோம்’. ‘நேட்டிவ் போகிறேன்’ என்பது நாம் செய்துகொண்ட இங்கிலீஷ்.

அந்தச் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. லத்தீனில் ‘நட்டிவுஸ்’ என்றால் பிறப்பால் வந்தது என்று பொருள். நேஷன், நேச்சர் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். ஒன்றும் அறியாத அப்பாவியைக் குறிக்கும் ‘நயீவ்’ என்ற சொல்லும், பிரெஞ்சு வழியாக வந்த அதன் உடன்பிறப்பே. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் கணக்கேடுகளில் பிறப்பிலேயே அடிமைக் குடியானவனாக இருந்தவனை ‘நட்டிவுஸ்’ என்று எழுதி வைத்தார்கள். ஆண்டையின் அனுமதியின்றி அவன் அந்த மண்ணை விட்டு நகரக் கூடாது. ஆக, ஊரோடு கட்டிப்போடப்பட்டவன் என்ற வாடை அந்தச் சொல்லுக்கு ஆதியிலேயே இருந்திருக்கிறது.

பிறகு அது கப்பலேறி இங்கே வந்தது. வெள்ளைக்காரன் வாயில் ‘நேட்டிவ்’ என்றால் ‘இந்த நாட்டான்’. அவன் அதைச் சொன்ன தொனியில் ‘நம்மை விடத் தாழ்ந்தவன்’. நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, நேட்டிவ் டவுன், நேட்டிவ் ஸ்டேட் என்று எதற்கும் அந்த முத்திரை. இன்று தலால் தெருவில் கோடி கோடியாகப் புரளும் பங்குச் சந்தை 1875இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘நேட்டிவ் ஷேர் அண்ட் ஸ்டாக் புரோக்கர்ஸ் அசோசியேஷன்’. பணக்காரத் தரகர்களும் அன்று ‘நேட்டிவ்’கள்தான்.

இதே சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் அன்று எப்படி எழுதின தெரியுமா? ‘சுதேச’ என்று. நேட்டிவ் ஸ்டேட் என்பது சுதேச சமஸ்தானம். 1882இல் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயர் சுதேசமித்திரன். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய கப்பல் கம்பெனிக்குப் பெயர் சுதேசி. வெள்ளைக்காரன் இளக்காரமாகச் சொன்ன சொல் தமிழில் தலை நிமிர்ந்து நின்றது. மொழிபெயர்ப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

‘வெர்னாகுலர்’ என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையை இங்கிலீஷ்காரர்கள் ‘வெர்னாகுலர் டெய்லி’ என்பார்கள். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்கள் ‘வெர்னாகுலர் மீடியம்’. லத்தீனில் ‘வெர்னா’ என்றால் எஜமான் வீட்டிலேயே பிறந்த அடிமை. 1878இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை மட்டும் கட்டச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்குப் பெயரே வெர்னாகுலர் பிரஸ் ஆக்ட்தான். கல்கத்தாவின் அமிர்த பஜார் பத்திரிகா வங்காளியை விட்டு இங்கிலீஷுக்குத் தாவி அந்தச் சட்டத்துக்குத் தப்பியது. சட்டம் போய்விட்டது, சொல் போகவில்லை. ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்றால் மட்டும் மரியாதை. தொலைபேசி கம்பெனிகளில் அப்படிப் பேசுவதற்குப் பயிற்சியே தருகிறார்கள்! பேசப்படுவது இங்கிலீஷாக இருந்தால் ‘நேட்டிவ்’ பட்டம் பெருமை. தமிழாக இருந்தால் அது ‘வெர்னாகுலர்’.

பரம்பரைக் கதை இதோடு போதும். சோற்றுக் கதைக்கு வருகிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு ‘நேட்டிவ்’

அண்ணாச்சி வீட்டில் மூத்தவன் பிறந்தது திருநெல்வேலியில். தலைப்பிரசவத்துக்கு மதினி பிறந்த வீட்டுக்குப் போனார்கள். நம் வழக்கம் அது. மூன்றாம் மாதம் பிள்ளையோடு தாதரில் வந்து இறங்கினார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் போகவர வசதியில்லை, இங்கேயே பார்த்துக்கொண்டார்கள். ஆகவே ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பத்தடி அறையில் வளர்ந்த இருவரில், காகிதப்படி ஒருவன் தமிழ்நாட்டில் பிறந்தவன், மற்றவன் மகாராஷ்டிரத்தில் பிறந்தவன். பிரசவம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிவு செய்வார்கள். அப்பா எந்த ஊர் என்று அந்தக் காகிதம் பார்க்காது.

மூத்தவன் பத்தாவது வரை இங்கே படித்தான். வீட்டில் இடமில்லை, ஆச்சி துணையாக இருப்பாள் என்று மேல்நிலைப் படிப்புக்கு ஊருக்கு அனுப்பினார்கள். வந்தது வினை. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புக்கு மனுப் போட்டபோது, எட்டாவது முதல் அங்கேயே படிக்காத பிள்ளை என்பதால் ‘நேட்டிவிட்டி’ சான்றிதழ் கேட்டார்கள். பிறந்த ஊர் சர்டிபிகேட்டை நீட்டினார் அண்ணாச்சி. தாலுகா ஆபீசில், “பிறந்தது சரி. குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சிக்குத் தலை சுற்றிவிட்டது. நேட்டிவிட்டி என்றால் பிறப்பு என்றல்லவா அகராதியில் போட்டிருக்கிறது! காகிதம் சேர்த்துச் சான்றிதழ் வாங்குவதற்குள் கலந்தாய்வு முடிந்தது. சரி, மும்பையில் பார்ப்போம் என்றால் இங்கே கேட்பது ‘டொமிசைல்’. பதினைந்து வருஷம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். மருத்துவம் போன்ற படிப்புகளில் மாநில ஒதுக்கீடு கேட்டால், பொதுவாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கேயே தேறியிருக்கவும் வேண்டும். பையன் இரண்டு மாநிலத்துக்கும் ‘நேட்டிவ்’. இரண்டு மாநிலத்திலும் சீட்டு இல்லை. கடைசியில் மதினியின் வளையல்களை வைத்துத் தனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது.

கிறிஸ்தவ அன்பர்கள் மன்னிக்க வேண்டும். அப்போது எனக்கு இன்னொரு ‘நேட்டிவிட்டி’ ஞாபகம் வந்தது. குடிமதிப்பு எழுதப் பூர்வீக ஊருக்குப் போக வேண்டும் என்று ராயன் கட்டளையிட்டதால்தான் சூசையப்பர் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நடந்தார். அங்கே மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பிறந்தது. பிறந்தது ஓர் ஊர். உலகம் அழைப்பதோ நாசரேத்தூர் இயேசு என்று. பாரம் நிரப்பும் தொல்லை அன்றே இருந்திருக்கிறது.

‘டொமிசைல்’ விஷயத்தில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: இந்தியப் பிரஜைக்கு ஒரே டொமிசைல்தான், அது இந்தியா. மாநிலத்துக்கு ஒரு டொமிசைல் என்று எழுதுவது சொல்லையே தவறாகக் கையாளுவது. மாநில அரசுகள் தங்கள் விதிகளிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். 2025 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பு இடங்கள் பற்றிய தீர்ப்பிலும் இதையே மறுபடி சொன்னது. முதல் தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாரத்தில் இன்றும் ‘டொமிசைல்’ என்றே அச்சாகிறது. அவர்கள் கேட்க நினைப்பது ‘இந்த மாநிலத்தில் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள்?’ என்பதை. அதை அப்படியே கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஆபீசில் புதிதாக வேலைக்கு வருபவர் நிரப்பும் அட்டஸ்டேஷன் பாரம் பரவாயில்லை. பிறந்த இடம் எது, நீ எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவன், உன் தகப்பனார் ஆதியில் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று மூன்றையும் தனித்தனியே கேட்கிறது. சென்சஸ்காரர்கள் இன்னும் தெளிவு. பிறந்த ஊர் எது என்பதோடு, 1971 முதல் ‘கடைசியாகக் குடியிருந்த ஊர் எது’ என்றும் கேட்கிறார்கள். ‘நேட்டிவ்’ என்ற பேச்சே எடுப்பதில்லை.

ஓட்டர் லிஸ்டுக்கு வேண்டியது இன்னொன்று: ‘ஆர்டினரிலி ரெசிடென்ட்’, அதாவது வழக்கமாகக் குடியிருப்பவர். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஊரில் குடியிருப்பவராகக் கருதக் கூடாது என்று 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் ஓட்டை ஊரில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்கு இங்குள்ள கவுன்சிலரிடம் போய் நிற்கிறோம்! அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபிக்கிறோம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு லீவுப் பயணச் சலுகை உண்டல்லவா, அதற்கு ‘ஹோம் டவுன்’ எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் அதை மாற்றலாம். எங்களுக்கு ரயில்வே பாஸ் இருப்பதால் அந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை.

ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்த ஒரு சொல்லில் பிள்ளையின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது; தாராவியில் அத்தகைய குடும்பங்கள் ஏராளம். அங்கே பிறந்த ஊரும் செல்லாது, இன்று குடியிருக்கும் ஊரும் செல்லாது. ஜனாதிபதியின் பட்டியல் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடும்பம் எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது என்பதுதான் கேள்வி. அன்று மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குத் தாத்தா காலத்துக் காகிதம் காட்டினால்தான் இந்த மாநிலத்தில் சான்றிதழும் சலுகையும். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் வந்த மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990இலும் 1994இலும் சொல்லிவிட்டது. அதே சமயம் மத்திய அரசு வேலைக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். இது தெரியாமல், “நாங்க மும்பைக்காரங்க ஆயிட்டோம், ஊர்ச் சான்றிதழ் எதுக்கு?” என்று அப்பாவின் பழைய சான்றிதழைத் தொலைத்துவிட்டு ரயில்வே தேர்வு எழுத வரும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஊரை விடாதே என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

மற்ற இடங்களில் என் கட்சி வேறு. பிறந்த இடம் என்றால் பிறந்த இடத்தை எழுதுங்கள். மும்பையில் பிறந்த பிள்ளைக்கு மும்பை என்றே எழுதுங்கள். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாசத்தோடு ‘திருநெல்வேலி’ என்று சொல்லிவைத்துவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டு காகிதமும் ஒத்துப்போகவில்லை என்று அலையாதீர்கள்.

இப்படிச் சொன்னால் என் சிநேகிதர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். “ஊரை எழுத வேண்டாம் என்றால் பிள்ளைகள் தமிழையே மறந்துவிடுவார்கள்” என்கிறார். அவர் வீட்டில் எல்லாப் பாரத்திலும் தஞ்சாவூர் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் அவரிடம் இந்தியில் பேசுகிறார்கள்.

இதில் இன்னொரு பயமும் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1966இல் சிவசேனை தோன்றிய காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே எழுந்த கூச்சலை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. ‘மண்ணின் மைந்தர்’ என்ற கோஷமும் நேட்டிவின் ஒரு மொழிபெயர்ப்புதான். ஒரு காலத்தில் வசவாக இருந்த சொல் கையில் பிடிக்கும் கம்பாக மாறிய விதம் அது. ‘இது உன் ஊர் இல்லை’ என்று பிறர் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிக்கொண்டுவிட்டால் வலிக்காது என்று நினைக்கிறோமோ என்னவோ. ‘லோக்கல்’ ஆவதற்கும் நமக்கு மனசில்லை. மும்பையில் லோக்கல் என்றால் ரயில்; தமிழில் ‘அவன் ரொம்ப லோக்கல்’ என்றால் தரக்குறைவு!

பெர்மனண்ட் அட்ரஸ் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குத் தேர்வு எழுதிய காலத்தில் நிரந்தர விலாசம் என்று ஊர் வீட்டை எழுதிக் கொடுத்தேன். மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் அங்கே போயிற்று. எழுத்து வாசிக்கத் தெரியாத என் ஆச்சி, கவர்மெண்ட் கடுதாசி என்ற மரியாதையில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி, தினமும் விளக்கேற்றியிருக்கிறாள். பதினோராம் நாள் மாமா பார்த்து போன் செய்தார். முந்தின நாள் இரவு ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். இன்று அந்த வீட்டில் ஆச்சி இல்லை. கூரையும் பாதிதான் இருக்கிறது. என் சர்வீஸ் ஏட்டில் அதுதான் இன்னும் நிரந்தர விலாசம். மற்றவர்கள் ஏட்டைத் திருத்தும் எனக்கு என் ஏட்டைத் திருத்த மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தாராவிக்காரர்களுக்கு இனி அந்தச் சொகுசு கிடையாது. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. முப்பது வருஷமாக இங்கே இருந்தும், ரேஷன் கார்டையும் ஓட்டையும் ‘நேட்டிவ்’வில் வைத்திருந்தவர்கள் இப்போது பழைய மின்சார பில்லைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி விண்ணப்பத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. ‘பிறந்த இடம்’ மும்பை. ‘டொமிசைல்’ மகாராஷ்டிரம், பையனின் பள்ளிச் சான்றிதழும் வீட்டு மின்சார பில்லும் இருக்கின்றன, திங்கட்கிழமை மனுப் போடச் சொல்லியிருக்கிறேன். ‘நேட்டிவ் பிளேஸ்’ கட்டத்தில் திருநெல்வேலியை அடிக்காமல் விட்டோம். அண்ணாச்சி முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நான்காவது கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஊர் வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டாயிற்று. சால் வீட்டைச் சர்வே எடுத்துப் போயிருக்கிறார்கள். வீடு இங்கேயே கிடைக்குமா, ஊருக்கு வெளியே அனுப்புவார்களா தெரியாது. “எதைத் தம்பி பெர்மனண்ட்னு எழுத?” என்றார் அண்ணாச்சி. பையன்தான் என் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்துச் சால் விலாசத்தை எழுதினான். ஏற்றுவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.